வட்டி கம்மி, சரி. ரயிலில் ஏறப்போவது யார்?

கேள்வி: மும்பை - அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு ஜப்பான் 0.1 சதவீத வட்டியில் கடன் தருகிறது. கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிற பணம்தானே, அப்புறம் ஏன் செலவு அதிகம் என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: வட்டிதான் சும்மா மாதிரி, அசல் அப்படி இல்லை. 2017-ல் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பான் கடன், முதல் 15 வருடம் கட்ட வேண்டாம், 50 வருடத்துக்குள் அடைக்க வேண்டும், எல்லாம் நல்ல நிபந்தனைதான். ஆனால் கடன் ஜப்பான் நாணயமான யென்னில் இருக்கிறது, யென் விலை ஏறினால் நாம் கட்ட வேண்டிய ரூபாயும் ஏறும். 1990-ல் ஒரு யென் சுமார் 12 பைசா, 2017-ல் சுமார் 58 பைசா. இனி ஏறலாம், இறங்கலாம், எப்படிப் போனாலும் அந்த அபாயம் நம் தலையில்தான்.

அதை விடுங்கள், கடன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திட்டத்தால் வரும் பலன் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. பலன் கணக்கே வேறு. எத்தனை பேர் ஏறுவார்கள், அவர்கள் இப்போது எதில் போகிறார்கள், ஆளுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம், அந்த நேரத்துக்கு என்ன மதிப்பு என்று பார்த்துப் போடுவது அது. 508 கிலோமீட்டரை 2 மணி 7 நிமிடத்தில் கடக்கலாம் என்கிறார்கள். வந்தே பாரத்தில் போகிறவருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம், விமானத்தில் போகிறவருக்கோ பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் புல்லட் ரயில் டிக்கெட்டை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள்தான், சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

செலவு எகிறினாலே திட்டம் தோல்வி என்றும் சொல்ல மாட்டேன். 1964-ல் ஓட ஆரம்பித்த டோக்கியோ - ஒசாகா ஷின்கான்சென் (ஜப்பானின் புல்லட் ரயில்) போட்ட பட்ஜெட்டைப்போல இரண்டு மடங்கு விழுங்கியது, அந்தப் பொறுப்பில் ரயில்வே தலைவர் ஷின்ஜி சோகோ பதவியையே விட்டார். ஆனாலும் அது ஜெயித்தது, ஏனென்றால் பழைய பாதையில் இன்னொரு ரயில் விட இடமில்லாத அளவுக்கு ஏற்கெனவே கூட்டம் இருந்தது. நம் பாதையிலும் நடுவில் சூரத், வடோதரா இருக்கின்றன, அதனால் ஆள் கிடைக்கும் என்றே நினைக்கிறேன், கட்டணத்தை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காத வரைக்கும்.

சென்னை - பெங்களூரு - மைசூரு பாதையும் பேச்சில் இருக்கிறது. அதன் அறிக்கை வெளியானால் வட்டி பற்றிய பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பயணிகள் எண்ணிக்கையை எந்தக் கட்டணத்தை வைத்துப் போட்டார்கள் என்று முதலில் தேடுங்கள்.