ஈரம் தெரியும் இடமும் நீர் இறங்கும் இடமும்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு 22 வயது. ஐப்பசி மழைக்குப் பிறகு கூடத்தில் மின்விசிறியைச் சுற்றிக் கூரை ஓதம் காத்துவிட்டது. ஓர் இடத்தில் பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது. உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மேலிருந்து இறங்கும் நீரைக் கீழே பெயின்ட் போட்டு மறித்தால் அது கான்கிரீட்டுக்குள் தங்கிக் கம்பியை அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில்தான் பூச்சு பிளந்து விழுகிறது.

முதலில் அந்த அறையின் எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து விசிறியைக் கழற்றுங்கள். அது தொங்கும் கொக்கியும் துருவேறியிருக்கலாம்.

விசிறிக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். வயர் போகும் பைப் கான்கிரீட்டுக்குள் படுத்திருக்கிறது. எங்கோ பத்தடி தள்ளி அதில் புகுந்த நீர், பைப்போடு ஓடிவந்து விசிறிப் பெட்டியில் சொட்டும். அதனால் மொட்டைமாடி முழுவதையும் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், மேலே பதித்த தட்டோடுகளின் இடுக்குகள், தொட்டி நிற்கும் இடம்: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

மழை விட்டுக் கூரை ஓரளவு காய்ந்தபின் சோதியுங்கள். சிறு பாத்தி கட்டி இரண்டு அங்குலம் நீர் நிறுத்தி, ஒரு நாள் கழித்துக் கீழே பாருங்கள். பிறகு அடுத்த பாத்தி. கம்பி தெரியும் கூரை என்பதால் மாடி முழுக்க நீர் தேக்காதீர்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் ஏறும்.

இடுக்கு மட்டும் பழுதென்றால் கீறி எடுத்து அடைத்தால் போதும். தட்டோட்டுக்குக் கீழே உள்ள சுருக்கியே (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம்) பொதபொதத்துப் போயிருந்தால் பெயர்த்துவிட்டு, குழாய் பக்கம் வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போட வேண்டும். பழையதன் மேலேயே இன்னொரு தளம் போடலாம் என்று கொத்தனார் சொல்வார், அது அவருக்குச் சுலபம். பாரத்தைச் சுமப்பது உங்கள் கூரை. இதையெல்லாம் மாசி, பங்குனி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தார்ப்பாய் போதும்.

மேலே அடைத்த பிறகே கீழே வேலை. கூரையைக் கழியால் தட்டினால் பிடிப்பு விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். அதைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சு நிற்காது. தேய்த்தபின் கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கொத்தனாரை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள்.

சரி, பெயின்ட் எப்போது? ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுக் கூரையில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்டரை இன்னும் சில வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.