நாகையில் இருந்த புத்தர் பள்ளி

கேள்வி: நாகப்பட்டினம் என்றதும் காயாரோகணேசுவரர் கோயிலும், அருகே நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே பெரிய பௌத்த விகாரம் ஒன்று இருந்ததாகப் படித்தேன். தேவாரப் பாடல் பெற்ற ஊரில் சைவர்களான சோழ மன்னர்கள் அதை எப்படி அனுமதித்தார்கள்? அது எப்போது மறைந்தது? (வாசகர், திருவாரூர்)

பதில்: வெறுமனே அனுமதிக்கவில்லை, ஊரே கொடுத்து ஆதரித்தார்கள். சுமத்ராவைத் தலைமையிடமாகக் கொண்டு கடாரத்தையும் (இன்றைய மலேசியாவின் கெடா) ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மர் நாகையில் எழுப்பத் தொடங்கிய விகாரத்துக்கு, முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளி எனப்பட்ட பௌத்த, சமண வழிபாட்டிடங்களுக்கு விடும் கொடையாக, அளித்தான். கட்டடத்தை முடித்துத் தந்தையின் பெயரைச் சூட்டியவர் சூளாமணிவர்மரின் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர். ராஜராஜனின் கொடை நிலைக்கும்படி ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். டச்சுக்காரர்கள் மூலம் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சென்றடைந்ததால் பெரிய லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் அந்த 21 ஏடுகளில் ஐந்து வடமொழியிலும் பதினாறு தமிழிலும் அமைந்தவை.

இதைச் 'சமய நல்லிணக்கம்' என்ற ஒரு சொல்லில் அடக்குவது நம் காலத்து வழக்கம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. சோழநாட்டுக்கும் சீனத்துக்கும் இடையே சென்ற கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த வழி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. அந்நாட்டு வணிகர்களுக்கும் பிக்குகளுக்கும் நாகையில் ஒரு வழிபாட்டிடம் அமைவது இரு அரசுகளுக்குமே பயன் தந்தது. அதே ஸ்ரீவிஜய மன்னர்களின் முகவர்கள் நாகைக் காரோணம் எனப்பட்ட காயாரோகணேசுவரர் கோயிலுக்கும் அணிகலன்களையும் சீனக்கனகம் எனப்பட்ட பொன்னையும் வழங்கியதை, ராஜேந்திரன் காலத்தில் அக்கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் கூறுகின்றன. பௌத்த மன்னர் சிவனுக்குக் கொடுத்தார், சைவ மன்னன் புத்தருக்குக் கொடுத்தான். இடையில் நின்றது துறைமுகம்.

துறைமுகத்தின் செழிப்பு பக்திப் பாடல்களிலும் தெரிகிறது. சுந்தரர் தம் நாகைப் பதிகத்தில் இறைவனிடம் கத்தூரியும் சாந்தும் காற்றைப் போல் விரையும் குதிரையும் கேட்கிறார். மற்ற தலங்களில் நெல்லும் பொன்னும் கேட்டவர், கடல் வணிகத்தால் வரும் பொருள்களை இங்கே அடுக்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்த பிறகும் விகாரம் அழியவில்லை என்பதுதான் வியப்புக்குரியது. 1090இல் கடாரத்து அரசரின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி முதலாம் குலோத்துங்கன் பள்ளிக்குரிய ஊர்களின் வரிச்சலுகையை உறுதிசெய்தான். சிறிய லெய்டன் செப்பேடுகள் எனப்படும் மூன்று ஏடுகள் இதைப் பதிவுசெய்கின்றன. அப்போது அங்கே ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என இரண்டு பள்ளிகள் இருந்தன. எதிரி நாட்டின் மேல் படை எடுத்தவனின் பெயரையே அந்நாட்டாரோடு தொடர்புடைய பள்ளி தாங்கி நின்றது.

சோழர் ஆட்சி முடிந்ததும் பௌத்தம் உடனே மறைந்துவிடவில்லை. 1476ஆம் ஆண்டைச் சேர்ந்த பர்மாவின் கல்யாணி கல்வெட்டு, கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகைக்கு நடந்து வந்து, பாழ்பட்டிருந்த ஒரு பௌத்த இடத்தை வணங்கியதைச் சொல்கிறது. 1856 முதல் 1934 வரை நாகையில் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புப் படிமங்களில் சில, 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகும் வார்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே இன்ன ஆண்டில் மறைந்தது என்று வரையறுக்க முடியாது. கடல்வழி ஆதரவு குறையக் குறைய மெல்லத் தேய்ந்தது என்பதே பொருந்தும்.

கேள்வி: திருமங்கையாழ்வார் கவர்ந்ததாகச் சொல்லப்படும் பொன் புத்தர் சிலை இந்த விகாரத்தில் இருந்ததுதானா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. திருவரங்கத் திருப்பணிக்காக ஆழ்வார் நாகையிலிருந்து சிலையைக் கவர்ந்தார் என்பது வைணவ ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரை நூல்களின் கதை. ஆழ்வார் காலம் ராஜராஜனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது. சூளாமணி விகாரம் அப்போது கட்டப்படவே இல்லை. ஆயினும், செல்வம் மிகுந்த பௌத்த நகரம் என்ற பெயர் நாகைக்கு இருந்திராவிட்டால் இப்படியொரு கதை அந்த ஊரைச் சுற்றி எழுந்திருக்காது.

கேள்வி: விகாரத்தின் எச்சம் ஏதேனும் இன்று அங்கே உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: கட்டடம் எதுவும் இல்லை. செங்கற்களைச் சாந்தின்றி நெருக்கி அடுக்கிய மூன்று நிலைக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிதைந்த நிலையில் நின்றது. ஐரோப்பியர்கள் அதைச் சீனக் கோபுரம் என்றார்கள். இயேசு சபையினர் கேட்டுக்கொண்டதன் பேரில் அரசு இசைவளிக்க, 1867இல் அது இடிக்கப்பட்டது. படிமங்களைப் பார்க்க விரும்பினால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள்.