காம்பிடண்ட் செல்களில் காலனிகள் குறைவது எதனால்?

கேள்வி: ஈ. கோலி பாக்டீரியாவின் டிஹெச்5 ஆல்பா வகைச் செல்களை ஓ.டி. (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.9 வரை வளர்த்து, கால்சியம் குளோரைடு முறையில் காம்பிடண்ட் செல்களாக்கி (வெளி டி.என்.ஏ.வை ஏற்கும் செல்கள்) மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறேன். டிரான்ஸ்ஃபர்மேஷன், அதாவது அவற்றுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தும் வேலை, செய்தால் தட்டுக்கு நாலைந்து காலனிகளே வருகின்றன. டி.என்.ஏ. கலந்த செல்களை 42 டிகிரி சூட்டில் வைக்கும் 45 வினாடியைக் கூட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், சாதாரண 1.5 மில்லி டியூபுக்கு அந்த நேரமே போதும், அதற்கு மேல் போனால் செல்கள்தான் சாகும். கோளாறு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 0.9 என்பது மிகவும் தாமதம். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் இளம் செல்களே டி.என்.ஏ.வை நன்றாக ஏற்கும் என்பதால், 600 நானோமீட்டரில் ஓ.டி. 0.35 முதல் 0.4 வரை வந்ததுமே குடுவையைப் பனிக்கட்டியில் புதைத்துவிட வேண்டும். 0.2 ஆன பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் எல்லை தாண்டிவிடும்.

அடுத்தது குளிர்ச்சி. 1970-இல் மாண்டெலும் ஹிகாவும் கால்சியத்தைக் கொண்டு ஈ. கோலிக்குள் ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) டி.என்.ஏ.வைச் செலுத்திக் காட்டிய நாளிலிருந்தே இது குளிரில் நடக்கும் வேலைதான். 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கரைசல், டியூப்கள், சென்ட்ரிஃபியூஜின் ரோட்டர் எல்லாம் முன்கூட்டியே 4 டிகிரிக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியதும் அடியில் படிந்த செல்களை வோர்டெக்ஸில் (டியூபை வேகமாக அதிர வைக்கும் கருவி) கலக்காதீர்கள். சிறிதளவு கரைசலை ஊற்றி, டியூபின் கழுத்தைப் பிடித்து, அடிப்பகுதி பனிக்கட்டியிலேயே இருக்க மெல்லச் சுழற்றினால் செல்கள் புகைபோல எழுந்து கரையும். கால்சியத்தில் ஊறிய பின் சென்ட்ரிஃபியூஜில் மறுபடி சுழற்றும்போது, செல்கள் இறுகிய பொட்டாக அல்லாமல் அகன்ற வளையமாகப் படிந்தால் அது நல்ல அறிகுறி.

கால்சியம் குளோரைடிலேயே 4 டிகிரியில் 12 முதல் 24 மணி நேரம் வைத்திருந்தால் ஏற்புத்திறன் மேலும் கூடும். பிறகு 15 சதவீத கிளிசரால் சேர்த்து, 100 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென உறைய வையுங்கள். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது.

ஒவ்வொரு தொகுதியையும் 100 பிக்கோகிராம் பியுசி19 பிளாஸ்மிட்டால் (சிறு வளைய டி.என்.ஏ.) சோதியுங்கள். எஸ்.ஓ.சி. என்னும் சத்தான வளர்ப்பு ஊடகம் சேர்த்து 1 மில்லியாக்கி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வளர்த்து, அதில் 100 மைக்ரோலிட்டரை ஆம்பிசிலின் (பிளாஸ்மிட்டை ஏற்ற செல்களை மட்டும் வளரவிடும் ஆன்டிபயாடிக்) தட்டில் பரப்பினால், தட்டில் விழுவது 10 பிக்கோகிராம். 60 காலனிகள் வந்தால் மைக்ரோகிராமுக்கு 60 லட்சம். இந்த முறைக்கு அது நல்ல அளவே. டி.என்.ஏ. சேர்க்காத செல்களையும் இரண்டு தட்டுகளில் பரப்புங்கள்: ஆம்பிசிலின் உள்ளதில் ஒன்றும் முளைக்கக் கூடாது, இல்லாததில் செல்கள் அடர்ந்து வளர வேண்டும். இவை சரியாக இருந்தும் உங்கள் லிகேஷன் (டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் வினை) கலவை மட்டும் காலனி தராவிட்டால், செல்களை விட்டுவிட்டு லிகேஷனைப் பாருங்கள்.