போத்தலில் பால் குடிக்கும் ஏழு கிழமைக் குழந்தை மிச்சம் வைத்தால், பால் போதவில்லை என்று அர்த்தமா?

நீங்கள் எழுதியிருப்பதன்படி உங்கள் மகனுக்கு ஏழு கிழமை ஆகிறது, பிறந்தபோது 2.8 கிலோ இருந்தவன், இந்தக் கிழமை கிளினிக்கில் நிறை பார்த்தபோது 4.2 கிலோ இருந்திருக்கிறான். பால்மா டின்னில் அந்த வயதுக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிலீற்றர் என்று போட்டிருக்க, அவன் 70, 80க்கு மேல் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தரம் இப்படியே நடக்கிறது, மிச்சத்தை எப்படிக் குடிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விபரங்களை வைத்துப் பார்த்தால், மிச்சத்தைக் குடிக்க வைக்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். போத்தல் பாலில் நாம் கண்டிப்பாக அளக்க வேண்டியது கரைப்பதை. எவ்வளவு குடிப்பது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம்.

நான் திருகோணமலையில், பாலையூற்றில் வசிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்தவன் தாய்ப்பாலில் வளர்ந்தான். இளையவள் பிறந்து சில நாட்களிலேயே எனக்குக் கடுமையான நோய் ஏற்பட்டு, அதற்கு எடுத்த மருந்தின் காரணமாகத் தாய்ப்பாலை நிறுத்தும்படி வைத்தியர் சொன்னதால், அவள் முழுக்க முழுக்கப் போத்தல் பாலில் வளர்ந்தாள். தாய்ப்பால் கொடுக்கும்போது எவ்வளவு போனது என்பது கண்ணுக்குத் தெரியாது. போத்தலிலோ கோடு கோடாகப் போட்டிருக்கிறது. அந்தக் கோடுகள் ஒரு தாயின் மனதை என்ன பாடுபடுத்தும் என்பதை நான் நன்றாக அறிவேன், அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிறந்து முதல் கிழமை கழிந்ததிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் வரை, பால்மா குடிக்கும் குழந்தைக்கு ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிலீற்றர் என்பது வைத்தியர்கள் பொதுவாகக் கையாளும் அளவு. சில குழந்தைகள் 200 வரை குடிக்கும். சில குழந்தைகள் 150க்குச் சற்றுக் கீழே நின்றும் நன்றாக வளரும். உங்கள் மகனின் 4.2 கிலோவுக்கு இது 630 மில்லிலீற்றர் வருகிறது. 70 வீதம் எட்டுத் தரம் குடித்தால் 560, 80 வீதம் ஒன்பது தரம் குடித்தால் 720. ஆகவே அவன் நாளாந்தம் குடிப்பது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. டின்னில் உள்ள அட்டவணை, குழந்தை ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு தரம் குடிக்கும் என்று வைத்து எழுதப்படுவது. உங்கள் பிள்ளை சிறுகச் சிறுகப் பல தரம் குடிக்கிறவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கணக்கைவிட நம்பகமானது நிறை. பிறந்த முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகள் சற்று மெலிந்து, இரண்டு கிழமைக்குள் பிறப்பு நிறையைத் திரும்பப் பிடித்துவிடும். அதன் பின் மூன்று மாதம் வரை கிழமைக்கு 150 முதல் 200 கிராம் வரை ஏறினால் போதும். உங்கள் மகன் ஏழு கிழமையில் 1400 கிராம் ஏறியிருக்கிறான். பால் உள்ளே போகாமல் அந்த 1400 கிராம் வந்திருக்க வழியில்லை. கிளினிக் கொப்பியில் உள்ள வளர்ச்சி வரைபில் அவனுடைய கோடு, அச்சிட்ட வளைகோடுகளோடு ஒத்து மேலே போகிறதா என்று மட்டும் பாருங்கள். கடைத் தராசில் இடைக்கிடை நிறை பார்ப்பதும், ஒரு நாள் உடுப்போடும் மறுநாள் உடுப்பில்லாமலும் நிறுப்பதும் தேவையில்லாத பயத்தைத்தான் தரும். ஒரே தராசு, உடுப்பில்லாத உடம்பு, இரண்டு நிறைகளுக்கு இடையில் இரண்டு மூன்று கிழமையாவது இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு உங்கள் மகனின் வயது இருந்தபோது எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். வயதில் மூத்தவர், பல வருடம் கிண்ணியாவிலும் மூதூரிலும் வேலை செய்தவர். அவள் பால் குடிக்கிறாளில்லை என்று நான் சொன்னதும் புத்திமதி எதுவும் சொல்லாமல், ஒரு வேளைப் பாலைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டார். முதலில் போத்தலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். பால் ஒழுங்காகச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு நான் கொடுக்கத் தொடங்கி, வழக்கம்போல் போத்தலின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "போத்தலைப் பாக்காதேங்கோ பிள்ளை, அவவின்ர கையைப் பாருங்கோ" என்றார். தொடக்கத்தில் மகளின் இரண்டு கைகளும் நாடிக்குக் கீழே இறுக்கிப் பொத்தியபடி இருந்தன. பாதிப் போத்தல் போனதும் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பிறகு ஒரு கை முழுதாகத் திறந்து என் முழங்கையில் விழுந்தது. உறிஞ்சுவதற்கு இடையில் ஓய்வு நீண்டது, சூப்பியை நாக்கால் வெளியே தள்ளினாள், தலையைத் திருப்பினாள். போத்தலில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு பால் இருந்தது. "காணும், விடுங்கோ" என்று அவரே போத்தலை வாங்கி வைத்துவிட்டார்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது, கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திறந்து தேடுவது எல்லாம் பசியின் அடையாளங்கள். அழுகை கடைசியில் வருவது. அதுவரை காத்திருந்து கொடுத்தால் குழந்தை காற்றையும் சேர்த்து விழுங்கி, கொஞ்சம் குடித்தவுடனேயே வயிறு நிரம்பியதுபோல் நிறுத்திவிடும். தலையை உயர்த்திச் சாய்த்துப் பிடித்து, சூப்பி நிரம்பும் அளவுக்கு மட்டும் போத்தலைச் சரித்து, இடையில் நிறுத்தி ஏவறை எடுப்பித்துக் கொடுத்தால், ஒரு வேளைக்கு பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை எடுக்கும். நாற்பது நிமிடத்துக்கு மேல் போய், களைத்து நித்திரையாகி, சற்று நேரத்தில் பசியோடு எழும்புகிறான் என்றால் சூப்பியின் துவாரம் போதாமல் இருக்கலாம். கடைவாயில் பால் வழிந்து, புரைக்கேறுகிறது என்றால் துவாரம் பெரிது. பல வீடுகளில் "குடிக்கிறான் இல்லை" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் குழந்தையின் வயிறு அல்ல, அந்தச் சூப்பிதான்.

உங்கள் மாமி, நித்திரையில் சூப்பியை வாய்க்குள் வைத்து மிச்சத்தைக் கொடுக்கலாம் என்றும், ஒரு கரண்டி மாவைக் கூடப்போட்டுத் தடிப்பாகக் கரைக்கலாம் என்றும், ரஸ்க் ஊறவைத்துச் சேர்க்கலாம் என்றும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பேரன் மேல் உள்ள அன்பினால்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கன்னத்தை அமுக்கியும் நித்திரையிலும் கொடுத்துப் பழக்கினால், சில கிழமைகளில் போத்தலைக் கண்டாலே அழும் நிலைக்குக் குழந்தை வந்துவிடும். அப்போது இன்று இல்லாத பிரச்சினை உண்மையாகவே வந்து சேரும். ரஸ்க், பிஸ்கட், கஞ்சி எதுவும் ஆறு மாதத்துக்கு முன் போத்தலுக்குள் போகக் கூடாது. ஒரு கரண்டி கூடப் போடுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. தடித்த பாலில் உள்ள உப்பையும் புரதத்தையும் வெளியேற்ற அந்தச் சின்னச் சிறுநீரகங்களுக்கு நீர் போதாமல், உடம்பின் நீர் வற்றி இரத்தத்தில் உப்பு ஏறும். குறைத்துக் கரைப்பதும் அதே அளவுக்குத் தீமையானது. 2022இல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்து விலையும் ஏறியபோது, டின்னை இன்னும் இரண்டு நாள் இழுக்க ஒரு கரண்டியைக் குறைக்கலாமா என்று தாய்மார் கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியின் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் தண்ணீராகக் கரைத்த பாலில் வயிறு நிரம்பும், நிறை ஏறாது, இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வரவும் கூடும்.

ஆகவே அளப்பதை இங்கே கண்டிப்பாக அளவுங்கள். முதலில் தண்ணீர், பிறகு மா. அந்த டின்னுக்குள் இருக்கும் கரண்டியால் மட்டும், அமுக்காமல் அள்ளி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துப் போட வேண்டும். பெரும்பாலான டின்களில் 30 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு கரண்டி. வேறு அளவு உள்ளவையும் உண்டு, உங்கள் டின்னில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். உங்கள் மகனுக்கு 120க்குக் கரைப்பதை விட்டு, 90 மில்லிலீற்றர் தண்ணீருக்கு மூன்று கரண்டி என்று கரைத்தால் ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் பால் கிடைக்கும். அதில் அவன் வைக்கும் மிச்சம் சிறிது. ஊற்றும்போது நெஞ்சு பதறாது, பதறாத கை குழந்தையை வற்புறுத்தாது. இன்னும் வேண்டும் என்று தேடினால் மேலும் 30 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு கரண்டி கரைத்துக்கொள்ளலாம்.

பால்மா கிருமியே இல்லாத பொருள் அல்ல என்பதால், கொதித்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆறாத, அதாவது 70 பாகை செல்சியசுக்குக் குறையாத தண்ணீரில் கரைத்து, பிறகு போத்தலைக் குளிர்ந்த தண்ணீருக்குள் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கரைத்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வாய் வைத்த போத்தலின் மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது. எங்கள் ஊர் வெக்கையில் இதற்கு விதிவிலக்கே இல்லை. கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தே தீர வேண்டும். உரம் அதிகம் போடும் தோட்டங்களுக்கு அருகில் உள்ள ஆழமில்லாத கிணறானால், அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று இருக்கலாம். கொதிக்க வைப்பதால் அது போகாது, சிறு குழந்தைக்கு அது ஆபத்தானது. அப்படியான கிணற்றைப் பாலுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் குழந்தைகள் மத்தியானத்தில் குறைவாகக் குடித்து, பொழுது சாய்ந்த பின்னும் இரவிலும் சேர்த்துக் குடிப்பதை நீங்கள் காண்பீர்கள். ஒரு வேளையை வைத்து முடிவு செய்யாமல், 24 மணி நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். மெல்லிய பருத்திச் சட்டை போதும். சுற்றிப் பொதிந்து வைத்தால் புழுக்கத்தில் குடிக்க மாட்டான். வெயிலுக்கென்று சுடுதண்ணீர், மல்லித் தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர் என்று கொடுத்தால் பாலுக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும். வைத்தியர் சொன்னாலன்றி வேண்டாம்.

போதுமான பால் போகிறதா என்பதை வீட்டிலேயே அறிய இன்னொரு வழி சலம். நாளொன்றுக்கு ஆறு தரமாவது நன்றாக நனைய வேண்டும். நிறம் வெளிர் மஞ்சளாகவோ தண்ணீர் போலவோ இருக்க வேண்டும். பம்பர்ஸ் கட்டினால் நனைந்தது தெரியாது என்பதால், ஒரு நாள் முழுக்கத் துணி கட்டி எண்ணிப் பாருங்கள். மலம் நாளுக்கு ஒரு தரமோ இரண்டு நாளுக்கு ஒரு தரமோ, களிபோல் இளக்கமாகப் போனால் சரி. ஆட்டுப் புழுக்கை போல இறுகிப் போனால் முதலில் கரைக்கும் அளவைச் சரிபாருங்கள்.

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று குறைத்துக்கொண்டால் அது வேறு விடயம். மூக்கடைப்பு, வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை போன்றவற்றைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ அன்றே காட்டுங்கள். ஆனால் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலும், எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், எட்டு மணி நேரம் சலம் போகாவிட்டாலும், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலும், பச்சை நிறமாகச் சத்தி எடுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 தரமோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டி நீலம் பாய்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தாய்ப்பால் முழுக்க வற்றவில்லை, சிறிது வருகிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு போத்தலுக்கும் முன் சிறிது நேரம் மார்பில் போட்டுப் பார்ப்பதாலும், கையால் பீச்சி எடுப்பதாலும் சுரப்பு மெல்ல மெல்லக் கூடலாம். அப்படிக் கூடினால் பால்மாவை எவ்வளவு, எப்போது குறைப்பது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். கூடாவிட்டாலும் உங்கள் மேல் யாரும் குற்றம் சொல்ல இடமில்லை.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு அடுத்த கிழமை போவீர்கள். அப்போது கிளினிக் கொப்பியோடு டின்னையும், அதன் கரண்டியையும், நீங்கள் பாவிக்கும் போத்தலையும் எடுத்துக்கொண்டு, பால் குடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேருங்கள். அங்கே வைத்தே கரைத்து ஒரு வேளைப் பாலைக் கொடுத்து, குடும்பநல உத்தியோகத்தரைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.