சின்ன வெங்காயமா, மலைவாழையா, நத்தையா? கல்லூரி ஆய்வுக்கு எந்த ஜீனோம்?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டக் கல்லூரி ஒன்றில் உயிரியல் கற்பிக்கிறேன். மாணவர் ஆய்வுக்குச் சிறு நிதி கிடைத்திருக்கிறது. எங்கள் பகுதி உயிரினம் ஒன்றின் முழு மரபணுத்தொகுதியையும் (ஜீனோம்) வரிசைப்படுத்த விரும்புகிறோம். சின்ன வெங்காயம், விருப்பாச்சி மலைவாழை, வயலில் கிடைக்கும் பைலா நத்தை ஆகிய மூன்றும் பட்டியலில் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் மாணவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்: இந்த நிதிக்கு மூன்றும் வேண்டாம். இதே ஆர்வத்தை வைத்துச் செய்து முடிக்கக்கூடிய நான்காவது உயிரினம் ஒன்று உங்கள் பக்கத்து வயலிலேயே இருக்கிறது. அதற்கு முன் இந்த மூன்றும் ஏன் சிக்கல் என்று பார்த்துவிடுவோம்.

வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனித ஜீனோமில் சுமார் 310 கோடி டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. வெங்காயத்தில் சுமார் 1,600 கோடி. சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் ஒரே இனம்தான், ஆகவே அளவு சிறியதென்று ஏமாற வேண்டாம். இந்த எழுத்துகளில் மிகப் பெரும்பகுதி, தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு ஜீனோம் முழுவதும் பரவிய தாவும் கூறுகளும் அவற்றின் சிதைந்த எச்சங்களும் ஆகும். ஒரு கீர்த்தனைப் புத்தகத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து உங்களிடம் கொடுத்தால், பெரும்பாலான துண்டுகளில் பல்லவி மட்டுமே இருந்தால், எந்தச் சரணத்துக்குப் பின் எது வரும் என்று எப்படி அடுக்குவீர்கள்? 150 எழுத்து நீளமுள்ள குறுந்துண்டுகளை (குறுவாசிப்பு) வைத்து வெங்காய ஜீனோமைக் கோப்பது அப்படிப்பட்ட வேலை. ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே வீச்சில் வாசிக்கும் நெடுவாசிப்பு முறை இதற்கு உதவும். ஆனால் ஒவ்வொரு இடத்தையும் 30 முறை வாசிக்க 48,000 கோடி எழுத்துகள் தேவை. அவற்றைக் கோக்கும் கணினியும் கல்லூரி ஆய்வகத்தில் இருக்காது.

வாழையின் சிக்கல் வேறு. அதன் ஜீனோம் சிறியது: ஒரு தொகுதிக்கு 50 கோடி எழுத்துகளுக்குச் சற்று மேல், 11 குரோமோசோம்கள். ஆனால் விருப்பாச்சி ஒரு மும்மடியம், அதாவது மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்டது. காட்டு இனமான மூசா அக்யூமினாட்டாவிலிருந்து இரண்டு தொகுதிகளும், மூசா பால்பிசியானாவிலிருந்து ஒரு தொகுதியும் அதற்கு வந்திருக்கின்றன. ஏறத்தாழ ஒன்று போலவும் ஆங்காங்கே வேறாகவும் இருக்கும் மூன்று படிகளைத் தனித்தனியே பிரித்துக் கோப்பது அனுபவமுள்ள குழுக்களுக்கே கடினம்.

2012இல் வாழை ஜீனோமை முதலில் வெளியிட்ட குழு இந்தச் சிக்கலைக் கோப்பதற்கு முன்பே தீர்த்துக்கொண்டது. பஹாங் என்ற காட்டு வகையிலிருந்து, ஒரே தொகுதி மட்டும் கொண்ட ஒற்றைமடியச் செடி ஒன்றை வளர்த்து, அதன் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார்கள். இரண்டு படிகளும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. 2021இல் வெங்காயத்தை வரிசைப்படுத்தியவர்களும் இப்படி இரட்டித்த ஒற்றைமடியச் செடியைத்தான் பயன்படுத்தினார்கள். இயந்திரத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே மாதிரியைப் பற்றி யோசித்தவர்கள் அவர்கள். இந்த ஒரு பாடத்தை மாணவர்கள் கற்றுக்கொண்டாலே ஆய்வு நிதி வீணாகாது.

வாழைதான் வேண்டும் என்றால் புதிதாகக் கோக்க முயலாதீர்கள். குறுவாசிப்புத் தரவை எடுத்து, ஏற்கெனவே வெளியான இரு காட்டு இனங்களின் ஜீனோம்களோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைப் பட்டியலிடுங்கள். கேள்வியும் தெளிவாக இருக்க வேண்டும். கன்று வழியாகப் பெருகும் பயிர் என்பதால், இரண்டு ஊர்களின் விருப்பாச்சிகளிடையே பெரிய வேறுபாடு கிடைக்காது. மாறாக, பால்பிசியானா பகுதியில் வாழைக் கீற்று நச்சுயிரியின் துண்டுகள் பதிந்திருப்பது பற்றித் தேடலாம். திசு வளர்ப்பு போன்ற நெருக்கடியில் அவற்றில் சில விழித்துக்கொண்டு நோயாக மாறக்கூடும் என்பதால் அது விவசாயிகளுக்கு நேரடியாகப் பயன்படும் கேள்வி.

நத்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் சளியிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் டிஎன்ஏவோடு சேர்ந்தே படிந்து, பிரித்தெடுப்பதைக் கெடுக்கும். குடலோடு சேர்த்து அரைத்தால் அது தின்ற பாசியும் பாக்டீரியாவும் உங்கள் தரவில் புகுந்துவிடும். 2015இல் நீர்க்கரடி என்ற நுண்விலங்கின் மரபணுக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பிற உயிர்களிடமிருந்து வந்தவை என்று ஓர் அமெரிக்கக் குழு அறிவித்தது. அவற்றில் பெரும்பகுதி மாதிரியில் கலந்திருந்த பாக்டீரியாக்களின் டிஎன்ஏ என்று எடின்பரோ பல்கலைக்கழகக் குழு சில நாள்களிலேயே காட்டியது. தேர்ந்த ஆய்வாளர்களுக்கே நேர்ந்தது இது.

இனி நான்காவது உயிரினம். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியுமே, அவற்றுக்குள் வாழும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியாவைத்தான் சொல்கிறேன். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இதன் வேலை. இதன் உறவான சோயா மொச்சை முடிச்சுப் பாக்டீரியா ஒன்றின் ஜீனோமை 2002இல் ஜப்பானியக் குழு வெளியிட்டது: ஒரே வட்டக் குரோமோசோம், 91 லட்சம் எழுத்துகள், 8,317 மரபணுக்கள். மனிதனிடம் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே மரபணுக்களுக்கு இடையே வெற்றிடம் மிகக் குறைவு. ஒவ்வொரு இடத்தையும் 100 முறை வாசித்தாலும் 91 கோடி எழுத்துகள்தான், வெங்காயத்துக்கு ஆவதில் ஐந்நூறில் ஒரு பங்கு. நெடுவாசிப்பில் எடுத்தால் முழு வட்டமும் ஒரே துண்டாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கேட்பதற்கு நல்ல கேள்வியும் இருக்கிறது. முடிச்சு உருவாக்க நோட் எனப்படும் மரபணுக்கள் கட்டாயம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் நெட்டிச் செடியின் பேரினத்தைச் சேர்ந்த தாவரங்களோடு வாழும் சில பிராடிரைசோபியம் வகைகளில் அந்த மரபணுக்களே இல்லை என்று 2007இல் தெரிந்தது. உங்கள் மண்ணின் பாக்டீரியாவில் எந்த நோட் மரபணுக்கள் உள்ளன, நைட்ரஜனை நிலைப்படுத்தும் நிஃப் மரபணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று மாணவர்களே தேடிச் சொல்லலாம். சாதாரணக் கணினியில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்யும் முடிச்சு. மேற்பரப்பை நன்றாகக் கிருமி நீக்கி, நசுக்கி, காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயம் சேர்த்த ஈஸ்ட் மானிட்டால் வளர்ப்பு ஊடகத்தில் தீற்றுங்கள். அவசரம் கூடாது. ஓரிரு நாளில் செழித்து வளர்வது நீங்கள் தேடுவது அன்று. பிராடிரைசோபியம் தெளிவாகத் தெரிய ஐந்து முதல் ஏழு நாள்கள் ஆகும், அதன் திரள்கள் (காலனிகள்) சிவப்பை அதிகம் உறிஞ்சாமல் வெளிறியே இருக்கும். ஒரே திரளை எடுத்து இரண்டு மூன்று முறை மறுபடி தீற்றித் தூய்மையாக்குங்கள். டிஎன்ஏ எடுக்கும் முன், அதே பாக்டீரியாவைக் கிருமி நீக்கிய மணலில் வளரும் கடலை நாற்றுக்கு ஊட்டி, மறுபடி முடிச்சு வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால், சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி விதிகளை முதலில் படியுங்கள். உள்நாட்டிலேயே வரிசைப்படுத்த வசதிகள் இருக்கின்றன. கிடைக்கும் தரவை ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் பதிவு செய்யலாம். எந்த ஊர், எந்த வயல், எந்தக் கடலை வகை, எந்த நாள் என்ற நான்கும் முடிச்சை எடுக்கும் அன்றே மாணவர்களின் குறிப்பேட்டில் ஏறிவிட வேண்டும்.