வேலைநீக்கம்: ஒரு மாதச் சம்பளம் கொடுத்தால் போதுமா?

கேள்வி: புறக்கோட்டையில் உள்ள ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 7 ஆண்டுகளாக எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனத்தில் 25 பேர் வரை இருக்கிறோம். கடந்த மாத இறுதியில் முகாமையாளர் என்னை அழைத்து, வியாபாரம் குறைந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்துக்கான காசோலையையும் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த இராஜினாமாக் கடிதத்தையும் நீட்டினார். நான் இன்னும் கையொப்பமிடவில்லை. ஒரு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டால் சட்டப்படி எல்லாம் முடிந்தது என்கிறார். அது சரியா, ஐயா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரியல்ல. நியமனக் கடிதங்களில் ‘இரு தரப்பினரும் ஒரு மாத முன்னறிவித்தலுடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்’ என்ற வரி வழக்கமாக இருப்பதால், அதுவே கடைசிச் சொல் என்று பல முதலாளிமார் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் ஊழியர்களின் தொழிலை முடிவுறுத்துவது தொடர்பான 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தை அந்த வரியால் மீற முடியாது.

அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை முதலில் பார்ப்போம். வேலைநீக்கம் நடந்த மாதத்துக்கு முந்திய 6 மாதங்களில் நிறுவனத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது அங்கே பணியாற்றியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால் இரண்டும் பொருந்துகின்றன. அப்படியானால், ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வியாபாரக் குறைவு, ஆள்குறைப்பு, நிறுவனத்தை மூடுதல் போன்ற காரணங்களுக்காக உங்களை நிறுத்துவதற்கு, ஒன்றில் உங்களுடைய எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே இருக்க வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே பெறப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் செய்யப்படும் வேலைநீக்கம் சட்டவிரோதமானது, செல்லுபடியற்றது என்று சட்டமே சொல்கிறது. வியாபாரம் உண்மையிலேயே நொடித்துப் போயிருந்தாலும் நிலைமை இதுதான். அந்தக் காரணத்தை முதலில் ஆணையாளர் நாயகத்திடம் சொல்லி அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

மேசையில் அந்த இராஜினாமாக் கடிதம் ஏன் தயாராக இருந்தது என்பது இப்போது விளங்கும். நீங்கள் கையொப்பமிட்டால் அது வேலைநீக்கம் ஆகாது, நீங்களாக விலகியதாக ஆகிவிடும். பிறகு வற்புறுத்தலின் பேரில்தான் எழுதினேன் என்பதை நீங்களே நிரூபிக்க வேண்டிவரும். தயவுசெய்து கையொப்பமிட வேண்டாம். ‘வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், வர வேண்டாம் என்று இன்ன திகதியில் எனக்குச் சொல்லப்பட்டது’ என்று சுருக்கமாக ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முகாமையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள்.

அடுத்து, நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வேலைநீக்கம் நடந்து 6 மாதங்களுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். முதலாளி சமாதானம் பேசுகிறார், நண்பர் ஒருவர் இடையில் நிற்கிறார் என்று காலத்தைக் கடத்திவிட்டு, ஏழாவது மாதத்தில் எனக்கு எழுதுபவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இருப்பதில்லை. விசாரணைக்குப் பிறகு, பின்சம்பளத்துடன் உங்களை மீண்டும் வேலைக்கு அமர்த்தும்படி ஆணையாளர் நாயகம் கட்டளையிடலாம். நட்டஈடு என்று வந்தால் அதற்கு வர்த்தமானியில் வெளியான சூத்திரம் இருக்கிறது: முதல் 5 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை மாதச் சம்பளம், 6ஆவது ஆண்டிலிருந்து 14ஆவது ஆண்டு வரை ஆண்டுக்கு 2 மாதச் சம்பளம், அதன்பின் படிப்படியாகக் குறையும். உச்சவரம்பு 2021இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. உங்கள் மாதச் சம்பளம் 80,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 7 ஆண்டுகளுக்குப் பதினாறரை மாதச் சம்பளம், அதாவது 13 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. கையில் நீட்டப்பட்ட காசோலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணிக்கொடை இதற்குப் புறம்பானது.

கேள்வி: தகுதிகாண் காலத்தின் நான்காவது மாதத்தில் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 180 நாட்கள் நிறையாததால் மேலே சொன்ன சட்டம் உங்களுக்கு உதவாது. தகுதிகாண் காலத்தில் ஒருவருடைய வேலை திருப்தியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பெரும்பாலும் தொழில்தருநரிடமே நீதிமன்றங்கள் விட்டுவைத்திருக்கின்றன. கெட்ட நோக்கத்துடன் நிறுத்தினார்கள் என்று காட்ட முடிந்தால் மாத்திரம், வேலைநீக்கப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை தலையிடும். ஆனால் அந்த 4 மாதங்களுக்கும் உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநரின் பங்கான 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்தப்பட்டனவா என்று பாருங்கள். தகுதிகாண் காலம் என்று சொல்லி இவற்றைச் செலுத்தாமல் விடுவது வெகு சாதாரணமாக நடக்கிறது, அது தவறு.

கேள்வி: 12 ஆண்டுகள் காசாளராக இருந்தேன். 40,000 ரூபா குறைகிறது என்று ஒரு திங்கட்கிழமை என்னை வெளியே அனுப்பினார்கள். விசாரணை எதுவும் வைக்கவில்லை. பணிநீக்கக் கடிதம் அடுத்த திங்கட்கிழமைதான் தபாலில் வந்தது. பணிக்கொடையும் கிடையாது என்கிறார்கள்.
– வாசகர், தெமட்டகொடை

பதில்: உள்ளக விசாரணை நடத்தவில்லை என்ற ஒரே காரணத்தால் வேலைநீக்கம் தானாகவே செல்லாமல் போவதில்லை. பலர் இதை மாறி விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் இப்படி இருப்பது எனக்கு உவப்பானதல்ல, ஆனால் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் நீங்கள் தொழில் நியாய சபைக்குப் போனால், அங்கே சாட்சியம் புதிதாகவே கேட்கப்படும். உங்களை நீக்கியது நியாயம் என்று காட்டும் பொறுப்பு தொழில்தருநருடையது. பணம் குறைந்தது என்று மட்டும் சொன்னால் போதாது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதையும் அவர் காட்ட வேண்டும். அன்றைய காசுப் பெட்டியின் சாவி எத்தனை பேரிடம் இருந்தது, கணக்கை யார் சரிபார்த்தார் என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள்.

கடிதம் பிந்தி வந்ததும் முக்கியமானது. ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரு வாரம் கழித்து வந்த கடிதம் உங்களுக்கு ஒரு வலுவான வாதத்தைத் தருகிறது. கடித உறையையும் அதன்மேலுள்ள தபால் முத்திரையையும் வீசிவிடாதீர்கள். இந்த வாதத்துடன் ஆணையாளர் நாயகத்திடம் போவதா, தொழில் நியாய சபைக்குப் போவதா என்பதைப் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவிலோ ஒரு சட்டத்தரணியிடமோ கேட்டுத் தீர்மானியுங்கள். தவறான இடத்தில் மனுவைப் போட்டுவிட்டு அங்கே காத்திருந்தால், சரியான இடத்துக்குரிய 6 மாதங்கள் கழிந்துவிடும்.

பணிக்கொடை பற்றி: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 ஆண்டுகளை நிறைவுசெய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுபட வேண்டும். மோசடி, கையாடல் போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவரிடமும், நேர்ந்த நட்டத்தின் அளவுக்குத்தான் அதைப் பிடித்து வைக்கலாம். உங்கள் மீதான குற்றச்சாட்டு முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பிடிக்கக்கூடியது 40,000 ரூபா மட்டுமே. மீதியைத் தரச் சொல்லித் தொழில் திணைக்களத்தில் தனியாக முறைப்பாடு கொடுங்கள்.