ஆஸ்பத்திரிக்கே வந்து கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. எலக்ட்ரீஷியன், தனியாகத் தொழில் செய்கிறார், மாதம் இருபதாயிரம் வரை வரும். மூன்று வாரத்துக்கு முன்பு பைக்கில் போனபோது சரக்கு வேன் இடித்துத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. நேற்று வார்டுக்கே ஒருவர் வந்து, "வக்கீல் ஆபீஸிலிருந்து வருகிறேன், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, வருகிற பணத்தில் 30 சதவீதம் கொடுத்தால் போதும்" என்று வக்காலத்தில் கையெழுத்தும், தொகை எழுதாத செக் இரண்டும் கேட்கிறார். கொழுந்தனார் போடச் சொல்கிறார். போடலாமா? வக்கீலை எப்படிப் பார்த்துப் பிடிப்பது? வசதியில்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா?

பதில்: போடாதீர்கள். செக்கை அவர் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

வக்கீல் தானாகவோ ஆள் வைத்தோ கேஸ் பிடிக்கக் கூடாது, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கிற தொகையில் பங்கு கேட்கக் கூடாது. இதெல்லாம் இந்திய பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. "ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்" என்று இணையத்தில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கதை, அங்கே அது சட்டப்படி சரி, இங்கே இல்லை. நடைமுறையில் சதவீதம் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தரமாட்டார்கள். இழப்பீடு உங்கள் கணவரின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய பணம், அந்த எழுதாத செக் அது வந்த அன்றைக்கே எடுத்துக்கொள்வதற்குத்தான்.

"இன்றே போடாவிட்டால் கேஸ் போய்விடும்" என்று அவசரப்படுத்தியிருப்பார். போகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில், 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று இருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது, நாலைந்து பேரைப் பார்த்துப் பேசி முடிவெடுக்க தாராளமாக நேரம் இருக்கிறது. விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், அதனால் அடிக்கடி போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் இருப்பவராகப் பிடியுங்கள்.

எப்படிப்பட்டவர் என்று கேட்டீர்கள். பெரிய தொகை சொல்கிறவரை விட்டுவிட்டு, உங்கள் கணவரின் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கிறவரைப் பிடியுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். மாதம் 20,000 என்றால் வருடம் 2,40,000. சொந்தத் தொழில், நாற்பது வயதுக்குக் கீழே, அதனால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 3,36,000 ஆகிறது. 38 வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கும் எண் 15. ஆக 50,40,000. இதில் எத்தனை சதவீதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருத்துவக் குழு ஊனம் 30 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தால், சோம்பேறி வக்கீல் அதை அப்படியே தாக்கல் செய்வார், 15,12,000. ஆனால் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பது வேறு. எலக்ட்ரீஷியன் ஏணி ஏற வேண்டும், குத்தவைத்து உட்கார்ந்து வயர் இழுக்க வேண்டும். இதையெல்லாம் டாக்டரையும், அவருக்கு வேலை கொடுத்த ஆட்களையும் சாட்சி சொல்ல வைத்து நிரூபித்து, தீர்ப்பாயம் 50 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டால் 25,20,000. அதே கால், அதே சான்றிதழ், பத்து லட்சம் வித்தியாசம். மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகையெல்லாம் இதற்கு மேல் தனி.

அதனால் முதல் சந்திப்பில் "எத்தனை லட்சம் கிடைக்கும்" என்று நீங்கள் கேட்காதீர்கள். சாட்சி விசாரணைக்கு அவரே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா, டாக்டரை விசாரிப்பாரா என்று கேளுங்கள். ஃபீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில், நகல் எடுப்பது மாதிரியான சில்லறைச் செலவு யார் தலையில் என்பதை எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கணவரின் லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தாலோ ஹெல்மெட் போடாமல் போயிருந்தாலோ அதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எப்படியும் தோண்டி எடுக்கும், அன்றைக்கு வக்கீல் உங்களைத் திரும்பிப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வக்கீலிடம் ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினல் கோர்ட்டில் தாக்கல் செய்யும் அன்றைக்குப் போதும். மனு போட்டதும் எம்.சி.ஓ.பி. நம்பரையும் (விபத்து இழப்பீட்டு மனுவின் எண்), ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தருகிற பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணையும் வாங்கிக்கொண்டால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம். பாதியில் வக்கீலை மாற்ற வேண்டி வந்தாலும் பயப்படாதீர்கள், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஃபைலைப் பிடித்துவைக்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

நடுவில் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று கூப்பிடுவார்கள். அது கெட்டதில்லை, பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் பிறகு அப்பீல் கிடையாது. கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா, ஊனம் எவ்வளவு என்பதெல்லாம் தெரிவதற்கு முன்னால் எந்தத் தொகைக்கும் தலையாட்டிவிடாதீர்கள்.

அப்புறம், வசதியில்லை என்கிறீர்களே, அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள். கணவரின் ஆண்டு வருமானம் மாநில வரம்புக்குள் இருந்தால் வக்கீலை இலவசமாகவே நியமிப்பார்கள். 15100-க்குப் போன் செய்து முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், போகும்போது எஃப்.ஐ.ஆர். நகலோடு வருமானச் சான்றிதழையும் கொண்டுபோங்கள்.